கிரேன்காரரின் ஹாரன்

வீட்டு அம்மணிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நீ நம்பமாட்டாய், சிகரெட்டை விட்டுவிட்டேன். எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுபவருக்கு மேலிருந்து எல்லாம் தெரியும். நான் கேட்டுக்கொண்டபடி, புகைக்க நான் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினாலே ஹாரனை அலற விடுவார். நேற்று ஒன்றுக்குப் போகத்தான் ஒதுங்கினேன், அதற்கும் அடித்துவிட்டார்.

"அண்ணே, இது வேற வேலைண்ணே!" என்று கத்தினேன்.

"எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிச்சுட்டு வாடா!" என்றார். யார்டே சிரித்தது.

சிகரெட் போன இடத்தில் டீ வந்து உட்கார்ந்துகொண்டது. குடித்துக் குடித்து வெல்டிங் பிடிக்கும் கை நடுங்கியது, தூக்கமும் போனது. இப்போது கேன்டீன்காரர் எனக்கு மட்டும் அரை கிளாஸ்தான் ஊற்றுகிறார். "முறைச்சாலும் அவ்ளோதான்" என்கிறார். முதலில் தலை வலித்தது, இப்போது இல்லை. கவலைப்படாதே.

ஒரே ஒரு தொல்லை. சிகரெட்டால் போயிருந்த மூக்கு திரும்பி வந்துவிட்டது. போன வாரம் பெட்டியின் அடியிலிருந்து நீ வைத்துவிட்ட போர்வையை எடுத்தேன். நம் வீட்டு வாசனை! இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். இப்போது அதிலும் என் வியர்வை வாடைதான் அடிக்கிறது.

பக்கத்து அறைக்காரர் ஊருக்கு வருகிறார். என் பழைய கண்ணாடியையும் இரண்டு துண்டுகளையும் அவரிடம் கொடுத்தனுப்பு. அப்படியே உன் தலையணை உறை ஒன்றும்.

கிரேன்காரர் ஹாரன் அடிக்கிறார், இடைவேளை முடிந்தது. உறையைத் துவைத்துவிடாதே.

உன்னவன்