அணைத்த பின்னும் எரியும் பல்பு

ஐப்பசி, வியாழன் இரவு

குண்டு பல்பு இனி வராது என்று ராசிபுரத்துக் கடையில் கையை விரித்துவிட்டார்கள். வேண்டாவெறுப்பாக எல்.இ.டி. வாங்கி வந்து, நாங்கள் படுக்கும் முன்னறையில் நானே மாட்டினேன். சுவிட்சை அணைத்த பிறகும் அது மங்கலாக எரிந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரனிடம் சண்டை போட்டேன். மாற்றிக் கொடுத்த பல்பும் அப்படியே எரிந்தது.

இன்று எலக்ட்ரீசியன் வந்து சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான்.

“வயரிங் பண்ணுனது ஆருங்க? சுட்ச நியூட்ரல்ல குடுத்திருக்குதுங்க. ஆப் பண்ணுனாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். பழைய பல்புல இது தெரியாதுங்க.”

என் மனைவி பாவாயிதான் பெருமையாகச் சொன்னாள்: “இவியதான் சாமி. ஆருகிட்டயும் கேக்காம, பொஸ்தகம் பாத்தே செஞ்சாங்க.”

“ஆருக்கும் ஷாக் அடிக்கலீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். “இல்ல சாமி.”

சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே ஹோல்டரில் இருந்த பழைய பல்பைத் துடைக்கும்போதுதான் ஸ்டூலிலிருந்து தூக்கி எறியப்பட்டு இடுப்பை முறித்துக்கொண்டாள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டேன் என்று அழுதாள். பொய் சொல்லாதே என்று ஆஸ்பத்திரியிலேயே கத்தினேன். நேற்றுவரை அதைச் சொல்லிக் காட்டினேன்.

எலக்ட்ரீசியன் நாளைக்கு வந்து வயரை மாற்றிவிடுவானாம்.

சாப்பிடும்போது சொல்லிவிட நினைத்தேன். ரசத்தில் உப்பு இல்லை என்றுதான் வந்தது. இந்த வயதுக்கு மேல் எனக்கு வேறெதுவும் வராது.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். விளக்கை அணைத்தாலும் முகம் தெரியும்.