ஸ்கிப்பர் தேர்வுக்கு முன்னும் பின்னும்

செப். 6, சனி

காலையிலிருந்தே புழுக்கம். வானகரத்தில் ஓர் இலை அசையவில்லை. கடல் பக்கம் நல்ல காற்று என்று பாய்ப்படகு கிளப்பின் வாட்ஸப் குழுவில் படம் படமாகப் போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பைபாஸ் பிடித்துப் போய்ப் படகுத்துறையில் நின்றேன். நாலு பாய்ப்படகு வெளியே போயின. எல்லாம் கிளப்பின் பொதுப் படகுகள். படகை ஓட்டும் பொறுப்புக்கான ஸ்கிப்பர் தேர்வு முடித்தவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். முடிக்காதவர்களை ஒரு ஸ்கிப்பர் கூப்பிட்டால்தான் க்ரூவாக, துணை ஆளாக ஏறலாம். மூன்று வருடமாக என்னைக் கூப்பிட்டது என் கணவன் ரகு. சித்திரையில் அவன் வேளச்சேரிக்குத் தனியாகப் போய்விட்டான். இருவரும் பேசி முடிவெடுத்துப் பிரிந்ததுதான், அடிதடி ஒன்றும் இல்லை. ஆனால் அவனோடு கடலும் போய்விடும் என்று அப்போது தோன்றவில்லை.

மற்ற ஸ்கிப்பர்கள் எல்லாரும் அவன் நண்பர்கள். என்னைப் பார்த்தால் சங்கடமாகச் சிரிக்கிறார்கள். "எப்படி இருக்கீங்க?" அதோடு சரி. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வார ஞாயிறு. மழைக்காலத்துக்கு முன் இதுதான் கடைசி. க்ரூவை நாமே கூட்டி வர வேண்டுமாம், நீச்சல் தெரிந்த ஆளாக. எனக்கு யார் இருக்கிறார்கள்?

செப். 9, செவ்

அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க லாரி. ஆபீஸுக்கு லேட். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மதியம் அமுதாவிடம் கேட்டேன். பக்கத்து மேஜை, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"இன்னாக்கா, செம்பரம்பாக்கத்துக்காரிய பாத்து இப்டி கேட்டுட்ட? எங்க பம்புசெட்டு கெணத்துல குதிச்சு குதிச்சு கத்துகினேன். இப்ப அது மேல குடோன் கீது."

"படகு?"

"ஏறுனதே இல்ல. கவுந்துடுமா?"

"நாமளே கவுக்கணும். கவுத்துட்டு நாமளே நிமித்தணும். அதுவும் டெஸ்ட்ல ஒண்ணு."

கொஞ்ச நேரம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். "சரி, வரேன். ஊட்ல மட்டும் சொல்ல மாட்டேன்."

சாயந்திரம் விருதுநகரிலிருந்து அம்மா போன். சொல்லித் தொலைத்தேன். "இருக்குற கஷ்டம் பத்தாதுன்னு தண்ணிக்குள்ள வேற போய் விழணுமா?" என்றாள். தண்ணீரில் இருக்கும்போது மட்டும்தான் நான் எதையும் யோசிப்பதில்லை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்ல.

பால், கொசுவர்த்தி, கேஸ் புக் பண்ண.

செப். 11, வியா

மொட்டைமாடியில் பயிற்சி. அமுதா ஆபீஸிலிருந்து நேராக வந்துவிட்டாள். துடைப்பக் கட்டைதான் சுக்கான். முன்பாய்க் கயிற்றுக்கு என் துப்பட்டா. எதிரும் புதிருமாகத் தரையில் உட்கார்ந்தோம்.

படகைத் திருப்பும் முன் ஸ்கிப்பர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். க்ரூ கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு "ரெடி" என்று சொன்னால்தான் திருப்ப வேண்டும். கிளப்பில் எல்லாரும் இப்படித்தான். மூன்று வருடமாக நான் சொன்னது "ரெடி" மட்டும். இப்போது கேட்க வேண்டியவள் நான். கட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

"எதுக்குக்கா வெயிட் பண்ற?"

யாராவது கேட்பார்கள் என்று. அவளிடம் சொல்லவில்லை. ஒருவழியாகக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே "ரெடி" என்றும் சொல்லிவிட்டேன், கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் துப்பட்டாவை எட்டிப் பிடித்தபடி.

"நீயே கேட்டுகினு நீயே பதிலும் சொல்லிகினா, நான் எதுக்குக்கா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். துணி எடுக்க வந்த மூன்றாம் மாடிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் துணி எடுக்காமலே போனார். இருட்டும்வரை திருப்பித் திருப்பிச் செய்தோம். கடைசியில் நன்றாகவே வந்தது.

அவள் போன பிறகு அழுகை. பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு. யாரும் இல்லாத வீட்டில் குழாய் எதற்கு? பழக்கம்.

செப். 13, சனி

மேகமூட்டம். எடுத்து வைக்க: மாற்றுத்துணி இரண்டு செட் (அமுதா கொண்டு வர மாட்டாள்), பழைய ஷூ, குளுக்கோஸ், பிளாஸ்டர்.

ரகுவிடமிருந்து மெசேஜ். நாளைக்கு டெஸ்ட்டாமே, நல்லா பண்ணு. கட்டைவிரல் போட்டேன். வேறு என்ன போடுவது. நல்லவன்தான். கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

செப். 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வரலாம்.

காற்று அளவாக இருந்தது. தேர்வாளர் தாமஸ் சார் மோட்டார் படகில் பின்னால் வந்தார். கவிழ்த்தோம். அமுதா "அய்யோ உப்பு" என்று துப்பினாள். நான் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று இழுத்தேன், ஒரே மூச்சில் நிமிர்ந்தது. அடுத்து, ஆள் விழுந்தால் மீட்பது. ஆளுக்குப் பதில் ஒரு கேனைத் தூக்கிப் போட்டார்கள். சுற்றி வந்து நிறுத்தினேன், அமுதா கை நீட்டி எடுத்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கேட்டேன். "ரெடியா?" என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. தாமஸ் சார் கட்டைவிரலை உயர்த்தியதைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சந்தோஷம் என்று ஒன்று இருந்தது.

மிச்சம் துறைக்குக் கொண்டு வந்து கட்டுவதுதான். அங்கே ரகு. வரும் படகின் கயிற்றைத் துறையில் நிற்பவர் வாங்கிக் கட்டுவது வழக்கம், அதற்காகத்தான் நின்றான். உதவியாக. கையை நீட்டிக்கொண்டு, எப்போதும் கேட்கிற அதே மாதிரி, "ரெடியா?" என்றான்.

"ரெடி" என்றேன். சுக்கானை விட்டேன். எழுந்து முன்னால் போய்க் கயிற்றை எடுத்தேன்.

அமுதா கத்தியது கேட்டது. படகு தன் பாட்டுக்குத் திரும்பி முனையால் துறைத்தூணில் இடித்தது. ஒரு கை நீளத்துக்குப் பெயிண்ட் போயிற்று.

தாமஸ் சார் குரலை உயர்த்தவில்லை. "மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருந்துதும்மா. ஆனா ஸ்கிப்பர் சுக்கானை விடக்கூடாது. பொங்கல் முடிஞ்சு வாங்க." ரகு முகம் வெளிறி நின்றான். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான். அவன் மன்னிப்பும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காரில் பூந்தமல்லி வரை அமுதா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள்: "அந்தாளு கேட்டா நீ ஏன்க்கா பதில் சொன்ன?"

செப். 15, திங்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை. கதவைத் திறக்கவில்லை, சமைக்கவில்லை, ஒன்றும் இல்லை. இந்த வயதில் ஒரு படகை ஓட்டக் கற்று என்ன ஆகப்போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை.

மூன்று வருடமாகப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். கற்றது பதில் சொல்ல.

செப். 17, புதன்

ராத்திரி கொட்டித் தீர்த்து, இப்போது தூறல். எஸ்டேட் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கடல் வெயிலில் அமுதாவுக்கு மூக்குத் தோல் உரிகிறது. அதைப் பார்த்து வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம். "தையில திரும்பப் போலாம்க்கா, நான் வரேன்" என்கிறாள். தலையை ஆட்டினேன். தை வரைக்கும் எப்படி இருப்பது?

சாயந்திரம் ரகுவிடமிருந்து மெசேஜ். ஞாயிறு காற்று நன்றாக இருக்குமாம். அவன் க்ரூவுக்குக் காய்ச்சல். "சும்மா கேக்கறேன், வரியா? வேணாம்னா பரவால்ல."

டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று அடித்தேன், அழித்தேன். அமுதாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள். அம்மா என்ன சொல்வாள்.

வரேன் என்று அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு எப்போது வரும் என்றும் இருக்கிறது.