கோழி பிடித்த நாய்

1961 ஐப்பசி, செவ்வாய் இரவு.

தொழிலாளர் லயத்து வரிசை வீட்டு முனியம்மாவின் நாய், தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாக் கோழியைப் பிடித்துவிட்டது. காலையில் காவல்காரனைக் கூட்டிப்போய் அந்த நாயைத் துப்பாக்கியால் சுடவைத்தேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்கு அதுவும் வேலைதான்.

மாலையில் ஆபீஸ் கிளாக்கர் செல்வம் வந்தார். மாத்தளை வாசிகசாலையில் எடுத்த திகில் கதைகளைப் பற்றிப் பேசினோம். கொலைகாரனே சொல்லும் கதைகளில் எவன் படுபாவி என்று கேட்டார்.

"ஆத்திரத்துல வெட்டுனவனா, சிரிச்சுக்கிட்டே வெசம் வச்சவனா?"

"ரெண்டு பேரும் இல்லீங்க. செத்தவன் செஞ்ச தப்ப மொதல்ல சொல்லிட்டு ஆரம்பிக்கிறான் பாருங்க, அவன்தான்," என்றேன் பெருமையாக.

லயத்தில் முனியம்மா இன்னும் அழுகிறாள். எழுதியதைத் திரும்பப் படித்தேன். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கும்போது அந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. அதை மேலே எழுதவில்லை. கோழியைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.