தொட்டிக்கு முன்னால் இரண்டு பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். கடையும் ஓடுகிறது. போனில் பேசினால் நீ மீன்தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கேட்பாய். நான் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொட்டியில் நீ உயிராய் வளர்த்த பச்சைப் பவளம் பிழைத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய்.

அம்மா வீடு மாறியபோது புது வீட்டு மூன்றாம் மாடிக்குத் தொட்டியை ஏற்ற முடியாது என்றுதான் அது என் வீட்டுக்கு வந்தது. எனக்கும் தெரியும். ஆனாலும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் மகள் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ விடுதிக்குப் போன கொஞ்ச நாளிலேயே பவளம் சுருங்க ஆரம்பித்தது. விரல் விரலாக நீட்டி ஆடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது. பதறிப்போய் உன்னிடம் சொன்னேன். "அவரை வரச் சொல்றேன்பா, அவருக்குத் தெரியும்" என்றாய். எவரை என்று நான் கேட்கவில்லை. தொட்டியை உனக்கு வாங்கிக் கொடுத்தவர், உன் அம்மாவைக் கட்டிக்கொண்டவர். வேறு யார்?

வந்தார். கையில் வாளி, தோளில் துண்டு, பை நிறையத் தண்ணீர் சோதிக்கும் குப்பிகள். தன் செருப்பைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'சார்' என்றேன். அவரும் என்னைப் பதிலுக்கு 'சார்' என்றார். இரண்டு சாரும் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றோம்.

தப்பு என்னுடையதுதான். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நான் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, அழகாகத் தெரியட்டும் என்று பவளத்தை மேலே, விளக்குக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும் என்றார். பவளத்தைக் கீழே மணலில் இறக்கி வைத்தார். தண்ணீரைத் தள்ளும் மோட்டாரின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்.

அவர் போன பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் மறைப்பானேன்? இவர் கைபட்டுத்தான் இது பிழைக்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தார். இரண்டாவது தடவையே என் சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்கு நடுவே உன்னைப் பற்றிப் பேசுவார். நீ பால் குடிப்பதை விட்டுவிட்டாயாம். பக்கத்து அறைப் பெண்ணோடு பேச்சு இல்லையாம். நானும் எல்லாம் முன்பே தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். ஒருநாள் போகிறபோக்கில், நீ கண்ணாடி போடுவதை விட்டுவிட்டு லென்சுக்கு மாறிவிட்டாய் என்றார். முதலில் கண் உறுத்தியதாம், இப்போது பழகிவிட்டதாம்.

அதற்கு மட்டும் என்னால் தலையாட்ட முடியவில்லை. ஊரில் பாதிப் பேருடைய கண்ணுக்கு நான்தான் அளவு பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் முதல் கண்ணாடிக்குச் சட்டம் பிடிக்காமல் நீ அழுதபோது, கடையில் இருந்த அத்தனை சட்டத்தையும் உன் முன்னால் பரப்பி வைத்தவன் நான். என் மகளின் கண் உறுத்தியது எனக்கு இன்னொருவர் வாயால் தெரிய வேண்டியிருக்கிறது. குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

உப்பெல்லாம் சரியான பிறகும் பவளம் தேறவில்லை. அவர் முகமே வாடிவிட்டது. இனி தாங்காது என்றுதான் நினைக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. கடையில் லென்சில் கீறல் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். பவளத்தை ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, அடிப்பக்கத்தை இடம் விடாமல் பார்த்தேன். எலும்பின் மடிப்புக்குள் பழுப்பாக, பொடிப்பொடியாக, வரிசை வரிசையாக என்னவோ ஒட்டியிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "முட்டை சார். பவளத்தைத் தின்கிற புழு ஒண்ணு இருக்கு, அதோடது. இத்தனை நாள் என் கண்ணுல படவே இல்லை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் என்று கேட்காதே.

மருந்துத் தண்ணீரில் முக்கினோம். கண்ணாடி போலத் தெளிந்த தட்டைப் புழுக்கள் உதிர்ந்து விழுந்தன. சதை கிழியாமல் முட்டைகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். பொடி வேலையில் பழகிய கை என்னுடையது, அதனால் அவர் பிடித்துக்கொள்ள நான் சுரண்டினேன். மிஞ்சிய முட்டை பொரிக்கும் என்று வாராவாரம் இதையே செய்தோம். ஒருநாள் காலை, வெள்ளை எலும்பின் விளிம்பில் பச்சையாக ஒரு மெல்லிய கோடு. சதை திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. நான் போன் போட்டேன். உனக்கு இல்லை, அவருக்கு. கை தானாகப் போய்விட்டது.

அன்றைக்கு அவரும் வந்த பிறகு நீ வீடியோவில் பார்த்தாயே, அதைத்தான் எழுத வந்தேன். போன் மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தது. "அப்பா, கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றாய். நான் கையை நீட்டினேன். அவரும் நீட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். வாளியில் தண்ணீரே இல்லை. நீயும் அவசரமாக உப்பு அளவைக் கேட்க ஆரம்பித்தாய்.

அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், அவள் உங்களையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாளா என்று நேராகவே கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவ என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு சார். உங்க முன்னாடி கூப்பிட வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. நீ கூப்பிட்டதற்காக இல்லை. விட்டுக்கொடுப்பதிலும் அவர் என்னை முந்திக்கொண்டாரே என்றுதான். இரண்டு நாள் கடையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு யோசித்தேன். வாயில் வந்த சொல்லை என் வீட்டில் மட்டும் விழுங்கிக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாயோ. உன்னைப் பெற்றவன் வீட்டில் உனக்கு அது வேண்டாம். இனி என் முன்னாலேயே கூப்பிடு. எனக்குக் கொஞ்ச நாள் வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. லென்சைப் போட்டுக்கொண்டு தூங்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

விடுமுறைக்கு வரும்போது முதலில் அம்மா வீட்டுக்குப் போவதோ இங்கே வருவதோ உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லவில்லை. பவளம் காலையில்தான் நன்றாக விரிகிறது, சாயங்காலம் சுருங்கிவிடும். காலை வண்டியை விட்டு இறங்கி நேராக இங்கே வந்தால் முழுசாகப் பார்க்கலாம்.

ஆசிகளுடன்,
உன் கண்ணாடிக்கடை அப்பா