நடுவில் நீ வேண்டாம்

நாரணாபுரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் லேனாவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீயும் அவளும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், இதை உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் காராச்சேவுப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. எனக்குத் தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது, வெடிப்பெட்டி ஒட்டி ஒட்டிக் கை ஓயவில்லை. அந்த வேலைக்கு நடுவில்தான் ஜெர்மன் படிக்கிறேன், சிரிக்காதே. பக்கத்து வீட்டு ஓவியா நர்ஸ் வேலைக்கு அங்கே வரப் படிக்கிறாள் அல்லவா, அவள்தான் சொல்லித் தருகிறாள். இஷ், மிஷ், மிர் என்று அவள் ஆரம்பித்ததும் நான் மலைத்துப்போனேன். நான், என்னை, எனக்குன்னு நம்மகிட்டயும் மூணு இருக்குல்ல பெரியம்மா, அதேதான் என்று சொன்ன பிறகு பிடிபட்டது. மறுநாளிலிருந்து ஆலையில் என் பக்கத்தில் உட்காரும் பாண்டிச்செல்விக்கு அட்டையை நீட்டும்போதெல்லாம் இஷ் கேபெ டிர், நான் உனக்குத் தருகிறேன் என்பேன். அவள் பசை கேட்கும்போது கிப் மிர், எனக்குக் கொடு என்பாள். இப்போது வரிசை முழுக்க இதே பேச்சுதான், ஃபோர்மேன் பெத்தணன் வந்து என்னத்தா, என்னைய வையுறீகளா என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அப்பாவைச் சொல்வதில்தான் சங்கடம். ஏர் என்றால் அவன் என்பதும் அதுதான், அவர் என்பதும் அதுதானாம். எனக்கு வாய் வரவில்லை, முனியராஜ் அப்பா என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் பார்த்தபோது லேனாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன், சளிம்மா என்றாய். ஏழு மாத வயிற்றோடு இருக்கிறவளுக்கு வந்தது சளியா அழுகையா என்று எனக்குத் தெரியாதா? தாயில்லாப் பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்வாள்? கல்யாணமான நாளிலிருந்து அவ சாப்பிட்டாளா என்று நான் உன்னைக் கேட்கிறேன், உன் அம்மா எப்படி இருக்காங்க என்று அவளும் உன்னைத்தான் கேட்கிறாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் உன்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இன்றுவரை ஒரு தடவைகூட நான் அவளை நீ என்று சொன்னதில்லை. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் இந்தப் பார்சல் கிடைத்ததும் வருகிற ஞாயிறு போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. ஜெர்மனில் தப்பும் தவறுமாகத்தான் பேசுவேன், அவள் சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். அழுதாலும் அழட்டும், நீ பதறிக்கொண்டு உள்ளே வராதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள், அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதில் எழுதியிருப்பதை அவளிடம் மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதே, மறந்துவிடாதே. நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா
அய்யம்மாள்