எண்ணெய் பூசிய விண்கல்

டிசம்பர் 8, திங்கள்

விடியலில் பனி. ஜீப் கிளம்ப ஒரே அடம். புதூர்நாட்டு மலையிலிருந்து இறங்கி, ரயில் பிடித்து, சாயங்காலம் சென்னை. நானும் அக்கா செல்வியும். பையில் கல். போன மாதம் வானத்திலிருந்து எங்கள் சாமை நிலத்தில் விழுந்தது. தேங்காய் அளவுதான். கனம் தோளை அறுக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டு முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். ஊர்க்கவுண்டர் கோயில் முன் எல்லார் காதிலும் விழச் சொன்னது: "அது இப்ப சாமிடா. ஒடைச்சி எடுத்தாந்தா ஊர்ப் பொங்கல்ல உங்க வூட்டுப் பானைக்கு எடம் இல்ல."

அக்காவுக்கு வழியெல்லாம் வாந்தி. எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆய்வுக்கூடம். செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. ஆஸ்பத்திரியேதான், மருந்து வாசனை மட்டும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் விண்கற்கள். ஒன்றில் விண்கலம் அள்ளி வந்த தூசி, ஒரு சிட்டிகை. அதற்கு இத்தனை பூட்டு. மூச்சுகூடப் படக் கூடாதாம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் கல்லைப் பார்த்ததும் விஞ்ஞானி அம்மாவுக்கு முகம் மாறியது. மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய். விழுந்த நாளிலிருந்து ஊரே தினமும் அபிஷேகம் செய்தது. சும்மா விட்டிருந்தால் மேலிருந்து ஒரு சில்லு போதுமாம். இப்போது எண்ணெய் ஊறிவிட்டது, கெடாத பகுதி நடுவில்தான், பாதியாக அறுக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் தொட மாட்டோம் என்றார்.

பக்தி முற்றியதன் பலன். எரிச்சல். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா வேண்டவே வேண்டாம் என்றாள். கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை.

பிறகு அந்த அம்மா, முன்பே அறுத்து வைத்திருந்த வேறொரு கல்லைக் காட்டினார். உள்ளே கடுகு கடுகாக உருண்டைகள். பூமியே உருவாகாத காலத்தவையாம். எங்கள் கல்லுக்குள் என்ன இருக்கிறதென்று யாருமே பார்த்ததில்லை. ஆசை வந்துவிட்டது. அக்காவைக் கேட்காமலே சரி என்றேன்.

அறுக்கும் சத்தம் கேட்டதும் அவள் வெளியே போய்விட்டாள். அப்புறம் என்னோடு பேச்சில்லை.

டிசம்பர் 10, புதன்

மேகமூட்டம். ரயிலில் பாதிக் கல் அக்கா மடியில். மறுபாதி ஆய்வுக்கூடத்திலேயே. சொல்ல ஒரு பொய்கூடத் தோன்றவில்லை. பயம். மலை ஏறும்போது கியர் தப்பி ஜீப் இரண்டு தரம் நின்றது.

கோயில் முன் ஊரே நின்றது. கவுண்டர் துணியை விலக்கினார். அறுத்த பக்கம் கறுப்பு, நடுநடுவே மினுமினுப்பு.

"மீதி இன்னாச்சு? யாரு அறுக்கச் சொன்னது?" என்றார்.

நான் ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா முன்னால் வந்தாள்.

"நான்தாங்க சொன்னேன். தம்பி வேணாம்னுதான் சொல்லுச்சு."

அப்போதும் நான் பேசவில்லை.