அப்பாவுக்குக் கோஜென்டான ஒரு காரணம்

அன்பு மகள் ஜெனிக்கு,

போடியிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எனக்கு மூட்டுவலி தவிரக் குறை ஒன்றுமில்லை, நீயும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, எல்லாம் உன்னால் வந்தது. கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னதற்கு அப்பா ஆயிரம் சாக்கு சொன்னாரே, அன்றைக்கு நீ போனில், இதில் ஒன்றுகூட கோஜென்டான காரணம் இல்லைப்பா என்றாய். போனை வைத்ததும், எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று டிக்‌ஷனரியை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். கேட்கிறவர் மறுக்க முடியாதபடி தெளிவாகச் சொல்லும் காரணத்துக்குத்தான் அந்தச் சொல்லாம், ஆளுக்கும் பொருளுக்கும் ஆகாதாம். அன்றிலிருந்து நம் கடைக்கு ஏலக்காய் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பரீட்சைதான்.

விலையைக் குறைக்கச் சொன்னவரிடம் அதற்குக் கோஜென்டான காரணம் கேட்டார், அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போதகர் ஐயா இவர் மனதைக் குளிரவைக்க நினைத்து, டீ ரொம்ப கோஜென்ட் என்றார். டீயைச் சொல்லக் கூடாது ஐயா, இன்னொரு டம்ளர் கேட்க நீங்க ஒரு காரணம் சொன்னா அதைச் சொல்லலாம் என்று அப்பா திருத்தினார். ஐயா இன்னொரு டம்ளர் கேட்கவேயில்லை. போடிமெட்டிலிருந்து காய் கொண்டுவரும் ஜீப்புக்காரர் தங்கபாண்டி தாமதமாக வந்து, காட்டுமாடு ரோட்டுல நின்னுச்சுண்ணே, நானும் நின்னுட்டேன் என்றார். அப்பா கண்ணை மூடி யோசித்து, இதுதாம்ப்பா கோஜென்டான காரணம் என்று எழுந்துபோய்க் கைகொடுத்தார். தங்கபாண்டி பயந்துபோய் லோடை இறக்காமலே கிளம்பப் பார்த்தார்.

ஊரார் காரணத்தையெல்லாம் சலிக்கிற மனுஷன் ஆபரேஷன் பேச்சை எடுத்தால் மட்டும் மூட்டை எண்ண எழுந்துபோய்விடுவார். போன வாரம் மழை பெய்தபோது கடைக் கதவில் என் மழைக்கோட்டை மாட்டிவிட்டு உள்ளே போனேன். உள்ள வாங்கண்ணே, நனையாதீங்க, சேர்ல உக்காருங்க என்று அப்பா உபசரிக்கும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் கோட்டைத் தவிர யாருமில்லை. என்னிடம் குனிந்து, மருவாதி தெரியாத ஆளு, கூப்பிடக் கூப்பிட நின்னுக்கிட்டே இருக்கான் என்றார். நான் கோட்டைக் கழற்றி அவர் மடியில் போட்டேன். தடவித் தடவிப் பார்த்தார். சரி பாக்கியம், இது கோஜென்டுதான், வெரசா தேதி வாங்கு என்றார்.

மதுரையில் வருகிற பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அதற்காக ஜெபம் பண்ணிக்கொள். அனுப்பிய ஏலக்காயைப் பிரிஜ்ஜில் வைக்காதே, தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கண் கட்டை அவிழ்க்கும்போது அப்பாவுக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டுமாம். பிள்ளைக்கு லீவு கிடைக்காது, போனில் முகம் பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு அவ்வளவு தூரம் வரச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். காரணமெல்லாம் ஒன்னும் இல்ல, பாக்கணும் என்றார்.

உன் அம்மா,
ஞானபாக்கியம்